அன்றைக்கு மூடுபனி இல்லை

தம்பி,

இந்தத் தடவை உன் உடம்பை விசாரித்து ஆரம்பிக்கப் போவதில்லை. சாப்பாடு பிடிக்கவில்லை, வெயில் தாங்கவில்லை என்று நீ எழுதியிருந்ததற்கும் இப்போது பதில் இல்லை. உன் கடிதத்தின் மூன்றாம் பக்கத்துக்குத்தான் இந்தப் பதில். நான் கோபமாக இருக்கிறேன். பத்து நாளாக இந்தக் கோபத்தோடுதான் கொழுந்து எடுக்கிறேன், சோறு ஆக்குகிறேன், பைப்படியில் குடத்தோடு நிற்கிறேன். ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று பார்த்தேன். ஆறவில்லை. ஆற வேண்டாம் என்றும் தோன்றிவிட்டது. இதை நீ மட்டும் படித்துவிட்டு மடித்து டிரங்குப் பெட்டியில் போட்டுவிடாதே. உன் அறையில் தங்கியிருக்கிற பிள்ளைகளில் தமிழ் தெரிந்தவர்களுக்கு வாசித்துக் காட்டு. தெரியாதவர்களுக்கு அர்த்தம் சொல்லு. ஒளிக்கிறதற்கு இனிமேல் என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

நீ எழுதியதை அப்படியே திருப்பி எழுதுகிறேன், என்ன எழுதினாய் என்று உனக்கே தெரியட்டும். "அம்மா, எங்ககிட்ட ஒரு ஹெலிகாப்டர் இருக்கு. என்னைவிட வயசுல மூத்தது. பறக்கும்போது ஆயில் பிரஷர் ஊசி திடீர்னு கீழ விழுந்து எந்திரிக்குதுன்னு பைலட் மூணு தடவ நோட்டுல எழுதிட்டாரு. தரையில ஓட்டிப் பாத்தா ஒண்ணும் தெரியல. மாத்துறதுக்குச் சாமானும் இல்ல. ஓரமா நிக்கிற இன்னொரு பழசுல இருந்து கழட்டித்தான் போடணும், அதுலயும் கழட்ட ஒண்ணும் மிச்சமில்ல. எங்க பெரியவர், பாத்தாச்சு சரியா இருக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போடுடான்னாரு. போட்டுட்டேன். எல்லாரும் பண்றதுதான்ம்மா. புதுசு வர்ற வரைக்கும் இந்தக் கிழவியோட இப்படித்தான் குடும்பம் நடத்தணும்." அதற்குப் பக்கத்தில் சிரிக்கிற மாதிரி ஒரு முகம் வரைந்திருக்கிறாய்.

அந்த முகத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பைலட் குறை எழுதுவதற்கு ஒரு நோட்டு இருக்கிறது, அதற்குக் கீழே உன்னைப் போல ஒருவன் 'சரி' என்று கையெழுத்துப் போட்டால்தான் அந்த மெஷின் மறுபடி மேலே போகும் என்பது உன் கடிதத்தைப் படிக்கிற வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்ததும் அந்தப் பக்கத்தை மறுபடி முதலிலிருந்து படித்தேன். நாலு வருஷத்துக்கு முன்னால் என் மடியில் தலை வைத்துச் செத்துப்போன ஒரு மனிதர் சொன்ன வார்த்தைக்கு அன்றுதான் எனக்கு அர்த்தம் புரிந்தது. அந்த வார்த்தையை நான் உனக்குச் சொன்னதில்லை. உன் அப்பாவுக்கும் சொன்னதில்லை.

உனக்குத் தெரிந்த கதை இதுதான்: நம் எஸ்டேட் சதுப்பில் ராணுவ ஹெலிகாப்டர் விழுந்தது, மூடுபனியில் பைலட்டுக்கு வழி தெரியவில்லை, இரண்டு பேர் செத்தார்கள். நீ அன்று குன்னூரில் பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் இருந்தாய். சாயங்காலம் வந்தபோது சதுப்பைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். உடுப்புப் போட்ட ஆட்களை வேலியோரம் நின்று வாயைத் திறந்துகொண்டு பார்த்தாய். நடந்ததை இப்போது சொல்கிறேன்.

தை மாசக் கடைசி. அந்த வருஷம் உறைபனி கடுமையாக விழுந்து ஓடையோரத்துச் செடியெல்லாம் கருகியிருந்தது. உறைபனிக் காலத்தில் பகல் வானம் எப்படி இருக்கும் என்று இங்கே பிறந்து வளர்ந்த உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஒரு பொட்டு மேகம் இருக்காது. ஏழாம் நம்பர் மலையில் நாங்கள் ஐந்து பொம்பளைகள் கிடைத்த கொழுந்தைக் கிள்ளிக்கொண்டிருந்தோம். அங்கிருந்து பார்த்தால் மேட்டுப்பாளையம் பக்கத்துச் சமவெளி துல்லியமாகத் தெரிந்தது. மணி பத்து இருக்கும். வாரத்தில் இரண்டு தடவை அந்தப் பக்கமாகப் போகிற ஹெலிகாப்டர்தான் வந்தது. அதன் சத்தம் பழகிப்போய் நாங்கள் தலை தூக்கிக்கூடப் பார்ப்பதில்லை. அன்று சத்தம் நின்றதால்தான் நிமிர்ந்தோம். நின்றது, மறுபடி பிடித்தது, இழுப்பு வந்தவர் மூச்சுக்குத் தவிப்பது மாதிரி இரண்டு மூன்று தடவை விட்டு விட்டுப் பிடித்தது. பின்பக்கம் கறுப்பாகப் புகை.

நம் எஸ்டேட்டில் மட்டமான இடம் என்று இருப்பது பிள்ளைக்காம்பராவுக்கு முன்னால் இருக்கிற புல்தரை ஒன்றுதான். நீயும் அதில்தான் தவழ்ந்தாய். கொழுந்துக்குப் போகிற தாய்மார் விட்டுவிட்டுப் போன பிள்ளைகளை அன்று ஆயா வெயில் காயப் புல்லில் உட்கார வைத்திருந்தாள். ஹெலிகாப்டர் நேராக அந்தப் புல்தரைக்குத்தான் இறங்கி வந்தது. அங்கே இறங்கியிருந்தால் ஒருவேளை அவர்கள் பிழைத்திருப்பார்கள். ஓட்டுகிறவர் குனிந்து கீழே பார்ப்பது தெரிகிற அளவுக்குத் தாழ்ந்து வந்தபோது திடீரென்று மூக்கைத் திருப்பிக்கொண்டு, காம்பராக் கூரைக்கு மேலாகத் தாண்டி, சில்வர் ஓக் மரங்களை முறித்துக்கொண்டு சதுப்பில் போய் விழுந்தது. வழி தெரியாமல் திரும்பவில்லை, தம்பி. பிள்ளைகளைப் பார்த்துத்தான் திரும்பினார். நான் பார்த்தேன். என்னோடு இருந்த நாலு பேரும் பார்த்தார்கள்.

கூடையைப் போட்டுவிட்டு ஓடினோம். இடுப்பளவு சேற்றில் இறங்கித்தான் போக முடிந்தது. ஒருவர் அசையவே இல்லை. ஓட்டிவந்த மற்றவரை நாங்கள் இழுத்து வெளியே போட்டோம். மற்ற பொம்பளைகள் கம்பளி கொண்டுவரவும் ஆள் கூப்பிடவும் ஓடிவிட்டார்கள். நான் மட்டும் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் சின்ன மாமா வயசுதான் இருக்கும். கண்ணைத் திறந்து, "கொழந்தைங்க?" என்றார். தமிழ் பேசுகிறவர் என்று அப்போதுதான் தெரிந்தது. "ஒரு பிள்ளைக்கும் ஒண்ணும் ஆகல சார்" என்றேன். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு, "நேத்தே எழுதிக் குடுத்தனே" என்றார். இன்னொரு தடவையும் அதையே சொன்னார். "நேத்தே எழுதிக் குடுத்தனே." கம்பளி வருவதற்குள் போய்விட்டார். என்ன எழுதினார், யாருக்கு எழுதினார் என்று எனக்குப் புரியவில்லை. லீவுக்கு எழுதிக் கொடுத்திருப்பார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நாலு வருஷம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். விசாரணைக்கு அதிகாரிகள் வரப்போகிறார்கள் என்றதும் ஆபீஸ் ரைட்டர் எங்கள் ஐந்து பேரையும் கூப்பிட்டு அனுப்பினார். ரைட்டரை உனக்கு ஞாபகம் இருக்கும், கோயம்புத்தூர்க்காரர், உன் பள்ளிக்கூட விண்ணப்பத்துக்கெல்லாம் கையெழுத்துப் போட்டுத் தந்தவர். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் சொன்னதால்தான் அது எங்களுக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது. "பாருங்கம்மா, எஸ்டேட்ட விக்கறதுக்குத் தொரை ஆள் பார்த்துட்டு இருக்காருங்க. தேயிலை விக்கற வெலையில இதுக்கு மேல அவரால ஓட்ட முடியாது. வாங்கறவங்க அடுத்த மாசம் வர்றாங்க. இந்த நேரத்துல ஹெலிகாப்டர் எஞ்சின் கெட்டுச்சு, அது இதுன்னு நீங்க சொன்னா விசாரணை மாசக்கணக்குல இழுக்குமுங்க. கயிறு கட்டி வெச்சுட்டு ஆள் போட்டு உக்காந்துக்குவாங்க. வாங்க வர்றவன் திரும்பிப் போயிருவான். மிஸ்ட்டுன்னு சொல்லிட்டீங்கன்னா அன்னைக்கே முடிஞ்சுபோச்சு. செத்தவங்க திரும்பி வரப் போறதில்லீங்களே" என்றார்.

அப்போது ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடிக்கொண்டிருந்தது. உன் அப்பா திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்து இரண்டு மாசம். பக்கத்து எஸ்டேட்டில் ஒரு நாள் காலையில் பெரட்டுக் களத்துக்கு வேலை வாங்கப் போனவர்கள் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்திருந்தார்கள். இதையெல்லாம் சாக்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். "இல்லீங்க ரைட்டரய்யா, வானம் தெளிவா இருந்துச்சே" என்று நான் சொன்னேன். அவர் மற்ற நாலு பேரையும் வெளியே அனுப்பிவிட்டு என்னை மட்டும் நிறுத்தி வைத்தார். "நீங்க எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க, லயத்துல எல்லாருக்கும் லெட்டர் எழுதிக் குடுக்கறவங்க. நீங்க சொல்றதத்தான் அவங்களும் சொல்லுவாங்க. உங்க பையன் படையில சேர எழுதிப் போட்டிருக்கானாமே. இப்ப அந்த ஆளுங்க முன்னாலயே போய் மாத்திப் பேசி எதுக்குங்கம்மா பேரைக் கெடுத்துக்கறீங்க?" என்றார்.

உன்னை வைத்து என்னை மடக்கினார். நானும் மடங்கினேன்.

மறுநாள் எஸ்டேட் ஆபீசில் விசாரித்தவர் ஒரு இளம் அதிகாரி, மலையாளி, நிதானமானவர். என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். அந்த ஆபீசில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. "அம்மா, நல்லா ஆலோசிச்சு சொல்லணும். அன்னைக்கு மஞ்சு உண்டாயிருந்தோ?" என்றார். மூடுபனியைத்தான் அப்படிக் கேட்டார். "இருந்துச்சு சார்" என்றேன். "மத்த எல்லா இடத்துலயும் தெளிவுன்னு எழுதியிருக்கு. இந்தப் பள்ளத்துல மட்டும் மஞ்சு இருந்துச்சா?" என்றார். "பள்ளத்துல இருந்துச்சு சார்." சத்தம் எப்படி இருந்தது என்றார். எப்போதும் போலத்தான் என்றேன். மூன்றாவது தடவையும் கேட்டார், பேனாவைக் காகிதத்தில் வைக்காமல் கேட்டார். அவருக்கு ஏதோ சந்தேகம் இருந்திருக்கிறது. நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "மிஸ்ட்டு இருந்துச்சு சார்" என்றேன். வாசித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன். எனக்குப் பிறகு போன நாலு பேரும் அதையே சொல்லிவிட்டு வந்தார்கள்.

வாங்குகிறவன் வரவே இல்லை. அந்த மாசமும் வரவில்லை, அடுத்த மாசமும் வரவில்லை. ரைட்டர் கோயம்புத்தூருக்கே போய்விட்டார். என்னோடு சேர்ந்து பொய் சொன்ன நாலு பேரில் மூன்று பேர் திருப்பூருக்கும் கூடலூருக்கும் போய்விட்டார்கள். எஸ்டேட் இன்றைக்கும் அதே மூன்று நாள்தான் ஓடுகிறது. உனக்கு வேலை கிடைத்ததும் என் பொய்யால் இல்லை. நீ படித்தாய், ஓடினாய், தேறினாய். இல்லாத ஒன்றைக் காப்பாற்றத்தான் ஒரு மனிதரின் பெயரைச் சேற்றில் போட்டு மிதித்திருக்கிறேன்.

நீ ஆறாம் வகுப்பில் படிக்கும்போது பக்கத்து லயத்து ரேடியோவைக் கீழே போட்டு உடைத்துவிட்டு அந்த வீட்டுப் பிள்ளையின் மேல் பழியைப் போட்டாய். அவன் அடி வாங்கியதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றாய். அது தெரிந்ததும் உன்னைக் கவாத்துக் குச்சியால் அடித்தேன். தொடையில் தடம் விழுந்தது. பொய் சொன்னதற்கு அடிக்கவில்லை, உனக்காக இன்னொருவன் அடி வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்ததற்கு அடிக்கிறேன் என்று சொல்லிச் சொல்லி அடித்தேன். அந்தக் கையால்தான் ஆபீஸ் மேஜையில் கையெழுத்துப் போட்டேன். நீ படையில் சேரப் புறப்பட்ட அன்று குன்னூர் பஸ் ஸ்டாண்டில் உன் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பி நின்றேன். பிரிவுக்கு அழுகிறேன் என்று நினைத்து, "மூணு மாசத்துல லீவுல வந்துருவேன்ம்மா" என்று தேற்றினாய்.

இன்னும் கேவலமான ஒன்று இருக்கிறது. விபத்து நடந்து ஐந்து மாசம் கழித்து, ஆடி மழையில், வயசான ஒருவர் குடையும் துணிப்பையுமாக லயத்துக்கு வந்து என்னை விசாரித்தார். ஈரோட்டுக்காரர், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பைலட்டின் அப்பா. அன்று உண்மையிலேயே மூடுபனி, அடுத்த வாசல் தெரியவில்லை. உள்ளே வரச் சொல்லித் தேயிலை போட்டுக் கொடுத்தேன். இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்கம்மா, அன்னைக்கும் இப்படித்தான் மிஸ்ட்டு இருந்துச்சுங்களா?" என்றார்.

ஒரு அப்பா கேட்கிறார். அதிகாரி இல்லை, காகிதம் இல்லை, ரைட்டர் இல்லை. நானும் அவரும் மட்டும். "இருந்துச்சுங்கய்யா" என்றேன்.

"அப்படீங்களா" என்றார். "அவன் சின்னதுல இருந்தே பயந்த சுபாவமுங்க. ரோட்டைக்கூட ரெண்டு பக்கமும் பார்த்துட்டுத்தான் தாண்டுவான். மிஸ்ட்டுக்குள்ள எப்படிப் போனான்னு தெரியல. மிஸ்ட்டுல போயிருக்கக் கூடாது, பைலட் தப்புன்னு எழுதிட்டாங்க. சரிங்க, நீங்க நேர்ல பார்த்தவங்க சொல்றீங்க" என்றார். பிறகு, "கடைசியா எதாச்சும் சொன்னானுங்களா?" என்றார். பிள்ளைகளைக் கேட்டார் என்று நான் எப்படிச் சொல்வேன்? மூடுபனியில் பிள்ளைகள் எப்படித் தெரிந்தார்கள் என்று கேட்பாரே. ஒரு நிஜத்தை வெளியே விட்டால் எல்லாம் அதோடு வந்துவிடும் என்று பயந்து, "தண்ணி கேட்டாருங்கய்யா, குடுத்தேன்" என்றேன். அந்தப் பெரியவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார், தம்பி. தன் பிள்ளைக்குக் கடைசித் தண்ணீர் கொடுத்தவள் என்று கும்பிட்டார். ஏதாவது ஞாபகம் வந்தால் ஒரு கார்டு போடச் சொல்லி விலாசம் எழுதிக் கொடுத்துவிட்டு, மழையில் சதுப்பு வரைக்கும் போய் நின்றுவிட்டுப் போனார்.

பொய்யாகச் சொன்ன தண்ணீரை நான் நாலு வருஷம் சுமந்தேன். உன் கடிதம் வந்ததும் என்னால் முடியவில்லை. பைலட் எழுதினார், கீழே ஒருவன் 'சரி' என்று போட்டான். 'நேத்தே எழுதிக் குடுத்தனே' என்றால் இதுதான். அந்த ஒருவனும் உன்னைப் போல இருபது இருபத்திரண்டு வயசுப் பையனாகத்தான் இருந்திருப்பான். அவனுக்கும் சாமான் கிடைத்திருக்காது. அவனுக்கும் ஒரு பெரியவர் 'போடுடா' என்று சொல்லியிருப்பார். அவனும் தன் அம்மாவுக்குச் சிரிக்கிற முகம் வரைந்து எழுதியிருப்பான். அந்தப் பையனின் கையெழுத்தை என்னுடைய மூடுபனி மூடிவிட்டது. அது வெளியே வந்திருந்தால், அதே மாதிரிக் கிழட்டு மெஷின்களை அன்றே ஒருவேளை நிறுத்தியிருப்பார்கள். உன் கைக்கு ஒன்று வந்திருக்காது. இப்படி யோசித்தால் உன்னை அந்த நோட்டின் முன்னால் உட்கார வைத்ததில் எனக்கும் பங்கிருக்கிறது. அதனால்தான் இந்தக் கோபம் உன் மேல் பாதியும் என் மேல் பாதியுமாக இருக்கிறது. மற்றவர்களுக்கு வேறாக வைத்திருக்கிறேன்.

புதுசு வருகிறது என்கிறாய். நீ பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே புதுசு வருகிறது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள், கடைக்காரர் பொட்டலம் மடித்துத் தந்த காகிதத்தில் படித்திருக்கிறேன். ஒவ்வொன்று விழும்போதும் புதுசு வருகிறது என்கிறார்கள். இரண்டு நாள் பேசுகிறார்கள். எது வாங்குவது, யாரிடம் வாங்குவது என்று காகிதம் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போகிறது. அந்த மேஜைகளில் இருப்பவர்கள் யாரும் அந்தக் கிழட்டு மெஷினில் ஏறி நம் மலையைத் தாண்டப் போவதில்லை. உன் அப்பா ஃபேக்டரியில் என்ன செய்தார்? தேயிலைக்கு விலை இல்லை, புது ரோலர் வாங்க முடியாது என்று தொரை கையை விரித்தார். ஒன்றைப் பிரித்து இன்னொன்றில் போட்டு ஓட்டினார் உன் அப்பா. நடுவில் நின்றால் இலை புளித்துப்போகும். எருக்குழியில் கொட்டுவோம். போனது இலைதான். நீ ஒட்டுப் போடுகிற மெஷினுக்குள் ஆள் உட்கார்ந்திருக்கிறான். இரண்டும் ஒரே மாதிரி வேலை என்று நினைத்துவிட்டாயா? தரையில் ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை என்கிறாய். தரையில் என்னடா தெரியும்? தரையில் நின்றுபோனால் நீ இறங்கி வீட்டுக்குப் போகலாம்.

போன வெள்ளிக்கிழமை வேலை இல்லை. காலை முதல் பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்கி அங்கிருந்து ஈரோட்டுக்குப் போனேன். கார்டு போட்டுச் சொல்கிற விஷயமா அது? தண்டவாளத்தை ஒட்டிய தெருவில் வீட்டைக் கண்டுபிடித்தேன். அவர்தான் கதவைத் திறந்தார். என்னை உடனே தெரிந்துகொண்டார். "வாங்கம்மா, மலையில இருந்து எப்ப எறங்குனீங்க? சாப்பிட்டீங்களா?" என்றார். கூடத்தில் எங்கேயும் மகனின் படம் இல்லை. உட்காராமல் நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று பயம். "அன்னைக்கு மிஸ்ட்டு இல்லீங்கய்யா. நான் பொய் சொன்னேன்." எஞ்சின் விட்டு விட்டுப் பிடித்ததிலிருந்து பிள்ளைக்காம்பரா, புல்தரை, திரும்பியது, சதுப்பு, 'நேத்தே எழுதிக் குடுத்தனே' வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். தண்ணீர் கேட்கவில்லை என்றும், நீ படையில் இருப்பதையும் சொன்னேன்.

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து பின்பக்கம் போனார். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகு நேரம் நின்றார், தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. முகம் கழுவாமலே திரும்பி வந்தார். "நாலு வருசமா அவனத் திட்டிட்டு இருக்கனுங்கம்மா" என்றார். "மிஸ்ட்டுக்குள்ள எதுக்குடா போன, எதுக்குடா போனன்னு தெனமும் கேட்டுட்டு இருக்கன். கூட ஒருத்தனையும் சேர்த்துக் கொன்னுபோட்டானேன்னு அவன் படத்தக் கழட்டி உள்ள வெச்சுப்போட்டன். அந்தப் பையன் ஊட்டுக்குப் போய் எம்மகனுக்காக நான் மன்னிப்புக் கேட்டுட்டு வந்தனுங்க." நான் காலில் விழப் போனேன். தடுத்துவிட்டார். "வேண்டாமுங்க. உங்கள மன்னிக்கறதுக்கு என்னால ஆகாது. வந்து சொன்னீங்க பாருங்க, அது மட்டும் சரி" என்றார்.

அப்போதுதான் சமையல்கட்டு நிலையில் அந்த அம்மா நிற்பதைப் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். "கொழந்தைங்க எத்தன பேருங்க?" என்றார். பதினொரு பேர் என்றேன். "பேரு தெரியுங்களா?" என்றார். எனக்குத் தெரியாதா? ஒவ்வொன்றாகச் சொன்னேன். கவிதா, ஸ்டீபன், மேரி, சின்ன ராஜு, பெரிய ராஜு, தங்கத்தின் இரட்டைப் பிள்ளைகள் என்று சொல்லச் சொல்ல ஒவ்வொரு பெயரையும் அவர் வாய்க்குள் திருப்பிச் சொன்னார். இப்போது என்ன படிக்கிறார்கள் என்று கேட்டார். கவிதா மூன்றாம் வகுப்பு, ஸ்டீபன் திருப்பூரில் படிக்கிறான் என்றேன். எல்லாம் முடிந்ததும் உள்ளே போய் மகனின் படத்தை எடுத்துவந்து, முந்தானையால் துடைத்து, கூடத்தில் பழைய ஆணியிலேயே மாட்டினார். அவர் கணவரைப் பார்க்கவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை.

அந்தப் பெரியவர் இரண்டு வெள்ளைக் காகிதம் கொடுத்தார். தமிழில் என் கையாலேயே எழுதினேன். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டேன். 'மூடுபனி இருந்தது என்று நான் முன்பு சொன்னது பொய்' என்பதை முதல் வரியாக எழுதினேன். "உங்க பையனும் படையிலதான இருக்கறதாச் சொன்னீங்க. இதக் கொண்டுபோய்க் குடுத்தா அவனுக்கு எதாச்சும் சங்கடம் வருமுங்களா? யோசிச்சுக்குங்க" என்று கேட்டார். எப்படிப்பட்ட மனிதரிடம் நான் பொய் சொல்லியிருக்கிறேன் பார். யோசிக்க ஒன்றும் இல்லை என்று சொல்லிக் காகிதத்தை அவர் கையில் கொடுத்துவிட்டேன். அவர் யாரிடம் கொண்டு போவார், யார் படிப்பார்கள், பொய்ச் சாட்சி சொன்னதற்கு என்னைக் கூப்பிடுவார்களா, உன்னைக் கூப்பிட்டு இவள் உன் தாயா என்று கேட்பார்களா, எனக்கு எதுவும் தெரியாது. உன்னைக் கேட்காமல்தான் செய்தேன். முன்னால் உன்னைச் சாக்கு வைத்துப் பொய் சொன்னபோதும் உன்னைக் கேட்கவில்லையே. கேட்டால் ஆமாம், என் தாய்தான் என்று சொல்லு. சொல்ல வெட்கமாக இருந்தால் அதையும் எனக்கு எழுது.

இப்போது உன் வேலைக்கு வருகிறேன். உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை என்று நீ நினைக்கலாம். தகுதி இல்லாதவள்தான். ஆனாலும் சொல்வேன். இந்தக் கடிதம் கைக்கு வந்த நாளே போய் அந்த நோட்டை வாங்கு. நீ போட்ட 'சரி'க்குக் கீழே, இது சரியில்லை, கோளாறு என்னவென்று கண்டுபிடிக்கவில்லை, சாமானும் மாற்றவில்லை என்று எழுதி, பெயரும் தேதியும் போட்டுக் கையெழுத்துப் போடு. உங்கள் பெரியவர் திட்டுவார். திட்டட்டும். கக்கூஸ் கழுவ விடுவார்களா, கழுவு. வேறு ஊருக்குத் தூக்கி அடிப்பார்களா, போ. வேலையை விட்டே அனுப்பினால் வீட்டுக்கு வா. அப்பாவோடு திருப்பூருக்குப் போகலாம், என்னோடு கொழுந்து எடுக்கலாம், இங்கே யாரும் பட்டினி கிடந்து சாகவில்லை. ஒரு ஹெலிகாப்டர் நின்றுபோனால் நாடு ஒன்றும் கவிழ்ந்துவிடாது. உன்னைப் போலப் பத்துப் பையன்கள் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றால் மேஜை மேஜையாகப் போகிற அந்தக் காகிதம் கொஞ்சம் வேகமாகப் போகும்.

தாமதிக்காதே. அந்த ஹெலிகாப்டரில் அடுத்ததாக ஏறப் போகிறவர் யாரென்று உனக்குத் தெரியும். காலையில் உன்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் ஏறுவார். அவர் எந்த ஊர், அப்பா யார், அம்மா யார் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் வீட்டுக்கு இன்னொரு தடவை பஸ் ஏறிப் போக என்னால் முடியாது, தம்பி. நீதான் போக வேண்டியிருக்கும்.

அம்மா